விலை ஏறும் வாரத்தில் எதை வாங்குவது, எதை விடுவது

"அண்ணே, அடுத்த வாரம் வெல ஏறுதாம். ரெண்டு பெட்டி எடுத்துப் போட்டுடவா?"

மினி எனப்படும் சிறு பிளாஸ்டிக் வீரர்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசையில் போர் ஆடும் பொழுதுபோக்கு வார்ஹாமர். அதன் விலையேற்ற அறிவிப்பு வரும் நாளில் கோலாலம்பூர் வாட்ஸப் குழுக்களில் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் என் பதில் "வேண்டாம் தம்பி". ஏன் என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலையேற்றத்தைவிட அதிகமாகக் காசு கசியும் இடங்கள் இந்தப் பொழுதுபோக்கில் வேறு இருக்கின்றன. இந்தப் பதிவில் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

ஒரு பெட்டி 300 வெள்ளி (ரிங்கிட்), ஏற்றம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு 15 வெள்ளி கூடும். இரண்டு பெட்டியை முன்கூட்டியே எடுத்தால் மிச்சம் 30 வெள்ளி. அந்த 30 வெள்ளிக்காக 600 வெள்ளி அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டில் ஒன்றை ஒன்றரை வருடம் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் கரோசெல் என்ற இரண்டாம் கைச் சந்தைத் தளத்தில் 20 விழுக்காடு குறைத்து விற்றால் 60 வெள்ளி நட்டம். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வார்ஹாமர் 40,000 விதிகளின் எட்டாம் பதிப்பு 2017-ல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2020-ல், பத்தாம் பதிப்பு 2023-ல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரை மாறுகிறது. இடையில் புள்ளிக் கணக்கும் (ஒரு பிரிவைப் படையில் சேர்க்க எத்தனை புள்ளி என்பது) மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு எல்லாரும் மூன்று பெட்டி வாங்கும் பிரிவு, நீங்கள் ஒட்டி முடிப்பதற்குள் மேசையில் எடுபடாமல் போகலாம். இந்தப் பொழுதுபோக்கில் மதிப்பு வேகமாக இறங்குவது புத்தகத்துக்குத்தான். பிளாஸ்டிக் வீரன் பதிப்பு மாறினாலும் வீரன்தான். படைப் புத்தகம் மூன்றே வருடத்தில் பழைய பேப்பர். விலை ஏறுகிறதே என்று புத்தகத்தை அவசரப்பட்டு வாங்கவே கூடாது.

அந்த வாரத்தில் எதை வாங்கலாம்? இந்த மாதத்துக்குள் நிப்பர் எடுத்து வெட்டத் தொடங்கப்போகும் பெட்டி ஒன்றே ஒன்று. அதுவும் எந்தப் பதிப்பிலும் தேவைப்படும் அடிப்படைக் காலாட்படையாக இருந்தால் நல்லது.

விலை ஏன் ஏறுகிறது என்பதிலும் ஒரு தப்பான எண்ணம் பரவிக் கிடக்கிறது. "இத்தனை சின்ன பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா?" என்று கேட்கிறார்கள். ஒரு ஸ்ப்ரூவில், அதாவது வீரனின் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தில், இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் விலை ஒரு வெள்ளிகூட ஆகாது. நாம் கொடுக்கும் காசு பிளாஸ்டிக்குக்குப் போகவில்லை. வடிவமைப்பவரின் சம்பளம், எஃகில் கடைந்தெடுக்கும் அச்சு, கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலேயே நடத்தும் தொழிற்சாலை, அங்குள்ள மின்கட்டணம், கப்பல், கடை வாடகை என்று அது பிரிகிறது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதால் லாப எதிர்பார்ப்பும் அதில் அடக்கம். 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச் சந்தையின் நூறு பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஃப்டிஎஸ்இ 100 பட்டியலுக்குள் நுழைந்தது. ஆகவே எண்ணெய் விலை இறங்கினால் மினி விலையும் இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நமக்கு ஏற்றமும் இறக்கமும் ரிங்கிட் மதிப்பில் இருந்தும் வருகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4 வெள்ளி 80 காசு வரை போனது; 1998-க்குப் பிறகு அப்படி ஒரு சரிவைப் பார்த்ததில்லை. அந்த மாதிரி மாதத்தில் வெளிநாட்டில் ஆர்டர் போடுவதும், அதே ஆண்டு செப்டம்பரில் ரிங்கிட் தேறிய பிறகு போடுவதும் ஒன்றல்ல. நிறுவனம் ஏற்றும் 5 விழுக்காட்டைவிட அந்த வித்தியாசம் பெரிது.

வெளிநாட்டு ஆர்டர் என்றதும் வரி. 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு எல்விஜி வரி (குறைந்த மதிப்புப் பொருள் வரி). இது பொருளின் விலைக்கு மட்டும்தான். அனுப்பும் செலவு இந்தக் கணக்கில் வராது. மலேசியாவுக்கு ஆண்டுக்கு 500,000 வெள்ளிக்கு மேல் விற்கும் விற்பனையாளர்களும் தளங்களும்தான் பதிவு செய்து இதை வசூலிக்க வேண்டும். அதனால் பெரிய தளத்தில் பில்லில் தனி வரியாகத் தெரியும். சிறிய வெளிநாட்டுக் கடையில் தெரியாமல் இருக்கலாம்.

500 வெள்ளியைத் தாண்டினால் கணக்கே வேறு. பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அந்தத் தொகையின் மேல் வரி போடுவார்கள். கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்குத் தனிக் கட்டணம் வைக்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக ஆர்டர் போட்டு அனுப்பும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பொருள் 1,120, அனுப்பும் செலவு 120, ஆக 1,240 வெள்ளி. விற்பனை வரி 10 விழுக்காடு என்றால் 124 வெள்ளி, கூரியர் கட்டணம் தனி. பங்கு போட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். ஆளுக்கொரு பொதியாக, அனுப்பும் செலவோடு சேர்த்து 500-க்குள் நிற்கும்படி ஆர்டர் போடுவது நல்லது. விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். அது குற்றம். பொதி தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

இங்கிலாந்துக் கடையில் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அங்கே காட்டும் விலையில் 20 விழுக்காடு வாட் வரி அடங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அதைக் கழித்துத் தரலாம். பல கடைகள் முகவரியில் மலேசியா என்று போட்டதும் தானாகக் கழிக்கும், சில கடைகள் கழிக்காது. 60 பவுண்டு பொருள் வாட் போனால் 50 பவுண்டு. பவுண்டு 5 வெள்ளி 60 காசு என்று வைத்துக்கொண்டால் 336-க்கும் 280-க்கும் உள்ள வித்தியாசம் அது. பணம் கட்டும் பக்கத்தில் தொகை இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டை எண்ணைப் போட வேண்டும். 2011-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் ஐரோப்பிய விற்பனையாளர்கள் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே இந்தக் கணக்கு பெரும்பாலும் மான்டிக், பெரி, வார்லார்டு போன்ற மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்குத்தான் உதவும். இவர்களும் நாட்டிங்ஹாம் பக்கத்துக்காரர்கள்தான்.

இனி இரண்டாம் கைப் பொருள். விலை ஏறும்போதெல்லாம் ஒரு கூட்டம் சலித்துப்போய் தன் படையை விற்கும். புதுப் பெட்டிக்கு ஓடுவதைவிட அந்த வாரத்தில் கரோசெலையும் பேஸ்புக் குழுக்களையும் பார்ப்பதே மேல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் கையைக் கடிக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை. எந்தப் பசையில் ஒட்டியது, பிளாஸ்டிக் சிமெண்டா, சூப்பர் குளூவா? எத்தனை கோட் பெயிண்ட்? மினி நிற்கும் அடித்தட்டு எத்தனை மில்லிமீட்டர்? கை, ஆயுதம், முதுகுப்பை எல்லாம் இருக்கின்றனவா? முகத்தை அருகில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். கண், மூக்குக் கோடு தெரிந்தால் பெயிண்ட் மெல்லியது. முகமே மெழுகு உருகியது போல இருந்தால் மூன்று நான்கு கோட் இருக்கிறது, உரிக்க நேரம் பிடிக்கும். மொத்த விலையை மினி எண்ணிக்கையால் வகுக்காதீர்கள்; மேசையில் வைக்கத் தகுந்த மினி எண்ணிக்கையால் வகுங்கள். 20 பேர் என்று விளம்பரம், அதில் 6 பேருக்குக் கை இல்லை என்றால் நீங்கள் வாங்குவது 14 பேரும் கொஞ்சம் உதிரி பாகமும்தான். அடித்தட்டு பழைய 25 மி.மீ. அளவில் இருந்து இப்போது 32 மி.மீ. தேவைப்பட்டால், புது அடித்தட்டின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

போலி வார்ப்பு, அதாவது ரீகாஸ்ட், இரண்டாம் கைச் சந்தையில் நிறையக் கலந்திருக்கிறது. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அசல் பெட்டி பிளாஸ்டிக் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மினியின் அடிப்பாதத்தில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டி, டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற பிளாஸ்டிக் சிமெண்டை ஒரே ஒரு சொட்டு வையுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் சில நொடியில் பளபளத்து, விரலில் ஒட்டும் பதத்துக்கு இளகும். போலிகளை வார்க்கும் ரெசினில் ஒன்றும் ஆகாது, ஆவியாகிப் போய்விடும். பிளாஸ்டிக்காக மட்டுமே வந்த ஒரு மினி இந்தச் சோதனையில் இளகவில்லை என்றால் அது அசல் இல்லை. ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழ்கள், இரண்டு பாதி சரியாகப் பொருந்தாத அச்சுக்கோடு, மழுங்கிய விரல்கள் இவையும் அடையாளம். கள்ள வார்ப்பை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மறுபடி விற்கவும் முடியாது, நாணயமான கடை மேசையில் வைக்கவும் முடியாது.

இப்போது பெயிண்டை உரிக்கும் வேலை. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டாம் கை மினியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

பிளாஸ்டிக்குக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99 விழுக்காடு. ஷாப்பி இணையக் கடையில் ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று கிடைக்கும். மூடி இறுக்கமான கண்ணாடி ஊறுகாய்ப் போத்தல் போதும். அகல வாய் 250 மி.லி. போத்தலில் காலாட்படை மினி 8 முதல் 10 வரை முழுகும். அரை மணி ஊறவைத்து ஒன்றை எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய அக்ரிலிக் என்றால் அப்போதே குழம்பாக வந்துவிடும். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடித்தது இராத்திரி முழுக்க ஊறும். நாள் கணக்கில் விட்டுவிடாதீர்கள், மெல்லிய வாளும் கொம்பும் பலம் இழக்கும். ரெசின் மினியை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்கவே கூடாது, மேற்பரப்பு மிருதுவாகி பிரஷ் பட்டாலே விவரம் அழியும். உலோக மினிக்கு இந்தக் கவலையே இல்லை.

தேய்ப்பதிலும் முறை உண்டு. ஆல்கஹாலில் நனைத்த பிரஷால்தான் தேய்க்க வேண்டும்; காய்ந்த பிரஷ் பெயிண்டைத் திரும்பப் பள்ளங்களுக்குள் அப்பிவிடும். ஒருமுறை தேய்த்துவிட்டு மறுபடி பத்து நிமிடம் முக்கி, இரண்டாம் முறை தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். கவசத்தின் இடுக்கில் நிற்பதைப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி கீறிவிடும். பிளாஸ்டிக்கில் சிவப்பும் கறுப்பும் சாயமாக ஊறி நிற்கும். அதைத் துரத்தாதீர்கள். கோடும் பள்ளமும் கூர்மையாகத் தெரிந்தால் போதும், பிரைமர் சாயத்தை மூடிவிடும். சாயம் முழுக்கப் போகவில்லை என்று மூன்றாம் நாளும் ஊறப்போட்டு மினியைக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

ஹார்டுவேர் கடையில் "தின்னர்" கேட்டு வாங்கி ஊற்றிவிடாதீர்கள். லாக்கர் தின்னரிலும் அசிடோன் உள்ள நகப்பூச்சு நீக்கியிலும் பாலிஸ்டைரீன் கரைந்து பிசின் ஆகிவிடும். உலோகத்துக்கு அசிடோன் பரவாயில்லை. டெட்டாலில் ஊறவைப்பது பழைய வழக்கம், வேலை செய்யும். ஆனால் தண்ணீர் பட்டதும் கரைந்த பெயிண்ட் தாராகப் பிசுபிசுத்து மினியையே சுற்றிக்கொள்ளும். டெட்டாலில் எடுத்ததை டெட்டாலிலேயே தேய்த்து முடித்து, கடைசியில்தான் சோப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும். வீடு முழுக்க மருத்துவமனை வாடை அடிக்கும் என்பதால் அடுக்குமாடியில் நான் இதைச் சொல்வதில்லை.

பாதுகாப்பு: ஐசோப்ரொபைல் ஆல்கஹாலின் ஆவி 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும். நம் ஊர் அறை வெப்பம் 30. சாமி மேடையில் விளக்கு எரியும்போது, ஊதுபத்தி புகையும்போது, சமையல் நடக்கும்போது அந்தப் பக்கம் போத்தலைத் திறக்கக் கூடாது. பால்கனியில், நைட்ரைல் கையுறையோடு. பயன்படுத்தியதைக் கொட்ட வேண்டாம்: இரண்டு நாள் அசையாமல் வைத்தால் பெயிண்ட் அடியில் படியும், மேலே தெளிந்ததை காபி வடிதாளில் வடித்து மறுபடி பயன்படுத்தலாம். அடியில் நிற்கும் மண்டியைத் தாளில் பரப்பி, வீட்டுக்கு வெளியே நெருப்பில்லாத இடத்தில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

ஒட்டிய இடத்தைப் பிரிக்க வேண்டுமா? சூப்பர் குளூ என்றால் மினியை ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் பதத்துக்கு வரும், முறுக்கினால் 'டக்' என்று விடும். பிளாஸ்டிக் சிமெண்டு இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அதைப் பிரிக்க முடியாது, மெல்லிய ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். விற்பவரிடம் முதல் கேள்வியாகப் பசையைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்த கசிவு பிரைமர். ஒரு 300 வெள்ளிப் பெட்டியை ஒரே பிற்பகலில் பாழாக்க நம் ஊர் ஈரப்பதத்துக்கு முடியும். ஸ்ப்ரே அடித்த மினியில் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பு, அல்லது வெள்ளை மூட்டம். இரண்டும் வேறு வேறு கோளாறு. சொரசொரப்பு வந்தால் தூரம் அதிகம்: துளி மினியைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது. வெள்ளை மூட்டம் வந்தால் ஈரம்: கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றில் உள்ள நீர் அதன் மேல் பனியாகப் படிந்திருக்கிறது.

இங்கே பலரும் செய்யும் தவறு ஏர்கான் அறையில் இருந்து வருகிறது. 22 பாகையில் இருந்த மினியையும் ஸ்ப்ரே டின்னையும் நேராகப் பால்கனிக்குக் கொண்டுவந்து உடனே அடிப்பார்கள். குளிர்ந்த கண்ணாடி தம்ளரில் தண்ணீர் வியர்ப்பது போல மினியும் வியர்த்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அரை மணி நேரம் வெளியே வைத்து அந்தக் காற்றின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரப்பதமானி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு ஸ்ப்ரே வேண்டாம். காலையில் ஈரம் மிக அதிகம். வெயில் ஏறி, மாலை மழைக்கு முன்னால், ஏறக்குறைய 11 மணியில் இருந்து 2 மணி வரை உள்ள நேரமே நமக்குக் கிடைக்கும் சாளரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அந்தச் சாளரம் இன்னும் சின்னது. பினாங்குக்காரர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள்.

டின்னை முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். மினிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மினியைக் கடந்து, வெளியே விரலை எடுங்கள். ஒவ்வொரு வீச்சும் ஒரு நொடிக்கு மேல் வேண்டாம். முதலில் ஒரே ஒரு உதிரி ஸ்ப்ரூத் துண்டில் அடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். அது சரியாக வந்தால் மட்டும் படையை வெளியே எடுங்கள். மழைக்காலம் முழுவதற்கும் தூரிகையால் பூசும் வலெஹோ சர்ஃபேஸ் பிரைமர் பாதுகாப்பானது. மெல்லியதாக இரண்டு கோட், பிறகு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வருகிறது என்று குறை சொல்கிறவர்கள் அந்த 24 மணி நேரத்தைத் தராதவர்கள்.

மேட் வார்னிஷும் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) இதே மாதிரி மூடுபனி போடும். முப்பது மணி நேரம் பெயிண்ட் செய்த மினியின் மேல் அது நடக்கும்போது வயிற்றைக் கலக்கும். பயப்படாதீர்கள், உரிக்க வேண்டாம். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு கோட் பூசினால் பெரும்பாலும் மூட்டம் மறைந்து நிறம் திரும்பிவிடும். அது காய்ந்த பிறகு மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசுங்கள்.

ஒரே பெட்டியை மூன்று பெட்டியாக ஆக்குவது காந்தம். ஒரு வாகனத்துக்கு மூன்று ஆயுதத் தெரிவு ஸ்ப்ரூவில் இருக்கும். ஒன்றை ஒட்டிவிட்டு, புள்ளிக் கணக்கு மாறியதும் இன்னொன்றுக்காக இன்னொரு பெட்டி வாங்குகிறார்கள். காலாட்படையின் மணிக்கட்டுக்கு 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் கொண்ட நியோடிமியம் காந்தம். வாகனத் துப்பாக்கிக்கு 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். கைத்துளையியில் முதலில் 1 மி.மீ. வழிகாட்டித் துளை போட்டுவிட்டு 2 மி.மீ. முனைக்கு மாறுங்கள்; நேராகப் பெரிய முனையை வைத்தால் மையம் நழுவும். காந்தத்தின் முகத்தை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் சூப்பர் குளூ நன்றாகப் பிடிக்கும். துருவம் மாறுவதுதான் எல்லாருக்கும் நடக்கும் தப்பு. காந்த அடுக்கை ஒரு பேனாவில் ஒட்டி அதன் மேல் முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். உடம்பில் புள்ளி வெளியே பார்க்கட்டும், ஆயுதங்கள் எல்லாவற்றிலும் புள்ளி உள்ளே போகட்டும். படை முழுக்க ஒரே விதி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தத்தை மூடி இறுக்கமான டப்பாவில் உயரத்தில் வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் கவ்விப் பிடித்துவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

வெட்டிப்போட்ட ஸ்ப்ரூச் சட்டத்தையும் வீசாதீர்கள். 2 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, பாதி தீர்ந்த எக்ஸ்ட்ரா தின் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஓர் இரவு விட்டால் தேன் பதத்தில் இடைவெளி நிரப்பும் பசை தயார்.

பெயிண்ட் விலையைப் போத்தலுக்குப் போத்தல் ஒப்பிடாமல் மில்லிலிட்டருக்கு ஒப்பிடுங்கள். சிட்டாடெல் பேஸ் பெயிண்ட் 12 மி.லி., அதே நிறுவனத்தின் கான்ட்ராஸ்ட் 18 மி.லி., வலெஹோ 18 மி.லி. மூடி திறந்து தூரிகையை விடும் குப்பி நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் விளிம்பு கட்டிக் காயும். சொட்டுப் போத்தல் பல வருடம் நிற்கும்.

3டி அச்சு பற்றிக் கேட்கிறார்கள். ஒரு கிலோ ரெசினில் தாங்குகுச்சியோடு சேர்த்து ஏறக்குறைய நூறு காலாட்படை மினி வரும். போத்தல் விலையை நூறால் வகுத்தால் ஒன்றின் பொருள் செலவு. இதில் கையுறை, கழுவும் ஆல்கஹால், தோற்றுப்போன அச்சுகள், அச்சு இயந்திரத்தில் தேயும் ஃபிலிம், திரை எல்லாம் சேரவில்லை. காற்றோட்டமான பின்கட்டு உள்ள வீடு என்றால் யோசிக்கலாம். தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம், ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் வாழ்நாளுக்கும் போகாது. வடிவமைப்பாளரிடம் உரிமம் வாங்கிய கோப்பை மட்டும் அச்சிடுங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தக் கடை மேசையில் அந்த மினியை வைக்க முடியாது என்பதையும் தெரிந்து இறங்குங்கள்.

புதிதாக வருகிறவர்கள் 2,000 புள்ளிப் படையைக் குறிவைக்காதீர்கள். கில் டீம் போன்ற சிறு ஆட்டத்துக்கு ஒரே பெட்டி, பத்துப் பேர் சுற்றி, போதும். ஒன் பேஜ் ரூல்ஸ் விதிகளின் அடிப்படைப் பதிப்பு இலவசம், எந்த நிறுவனத்தின் மினியும் செல்லும். இருவர் சேர்ந்து ஒரு தொடக்கப் பெட்டியை வாங்கி ஆளுக்கொரு படையாகப் பிரித்துக்கொள்வதுதான் மினிக்கு மிகக் குறைந்த விலை. வாங்கும் முன்பே யாருக்கு எந்தப் படை, விதிப் புத்தகம் யாரிடம், பகடையும் அளவுகோலும் யாரிடம் என்று பேசிவிடுங்கள். இரண்டு படையின் எண்ணிக்கையும் சமமாக இருக்காது. குறைவாகக் கிடைக்கிறவருக்குப் புத்தகம் போகட்டும்.

ஏற்கெனவே பயந்து வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ப்ரூ பத்து வருடம் ஆனாலும் கெடாது. கெடுவது பெட்டிக்குள் மெல்லிய தாளுக்கு அடியில் இருக்கும் நீர்ச்சித்திரத் தாள் (தண்ணீரில் நனைத்து மினியில் ஒட்டும் சித்திரங்கள்). ஈரம் ஏறினால் அதன் பசை மஞ்சளாகும், சித்திரம் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடையும். இன்றைக்கே பெட்டியைத் திறந்து அந்தத் தாளை மட்டும் எடுத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, பையின் மேல் எந்தப் பெட்டியின் தாள் என்று எழுதி, வெயில் படாத இழுப்பறையில் தட்டையாக வையுங்கள். ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தால் சன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் வெளுக்கும். உடையும் என்று சந்தேகம் இருந்தால் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய கோட் தாளின் மேலேயே பூசி, ஒரு நாள் காயவைத்து, பிறகு ஒவ்வொரு சித்திரத்தையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்து எடுங்கள்.